நன்றி சொன்னதால் வந்த வினை

அன்புள்ள அம்மாவுக்கு, ரொசாரியோவிலிருந்து சுலேமா. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? பொத்தோசியில் குளிர் தொடங்கியிருக்குமே. நான் நலம்தான், எரிச்சல்தான் தாங்கவில்லை.

நான் கண்ணாடிக் குழாய் கழுவும் ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியா வளர்க்கிறார்கள். ஒவ்வொரு பாக்டீரியாவின் ஒரு நுனியில் மோப்பம் பிடிக்கும் புரதங்கள் தேன்கூடு போல ஒட்டி நிற்குமாம். ஒன்றுக்கு இனிப்பு தெரிந்தால் பக்கத்தில் இருப்பவற்றுக்கும் தெரிந்துவிடும். பாக்டீரியா அந்தப் பக்கம் நீந்தும். போன வாரம் ஒன்றுகூட நகரவில்லை. ஆய்வுக்கூடத் தலைவி டாக்டர் மிர்த்தா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் குழாய்க்கு சோப்பு போடாதே, கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் பாக்டீரியா நீந்தாதுன்னு சொன்னேனே! உன்னை வேலைக்கு வெச்சதே தப்பு."

"யாருமே சொல்லலையே, டாக்டர்."

"மாத்தே குடிக்கறப்ப எல்லார்கிட்டயும் சொன்னேன். நீ எங்க போன?"

"எனக்குத்தான் குடுக்கறதே இல்லையே!"

"நீதானடி முதல் நாளே நன்றின்னு சொன்ன?"

மாத்தே என்ற கசப்பு இலைச்சாற்றை இவர்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒரே குடுவையைக் கைமாற்றிக் குடிப்பார்கள். நன்றி சொன்னால் இனி வேண்டாம் என்று அர்த்தமாம். நீங்கள் சொல்லிக்கொடுத்த மரியாதையால் என் வேலையே போயிருக்கும்!

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னை இழுத்து இருவருக்கு நடுவே உட்காரவைத்தார். "இங்க ஒட்டி உக்காரு. அப்பதான் உனக்கும் சேதி வரும்."

வேலை தப்பியது. ஆனால் இப்போது குடுவை ஓயாமல் என்னிடமே வருகிறது. வாயெல்லாம் கசப்பு, நன்றி சொல்லவும் பயம்.

இங்கே வரும்போது செனோன் மாமாவிடம் வறுத்த சோளம் கொடுத்தனுப்புங்கள். நிறையவே அனுப்புங்கள், இப்போது என் இரு பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள். மாத்தேக்குத் தண்ணீர் சூடாகிவிட்டதாம், கூப்பிடுகிறார்கள்.

உங்கள் சுலேமா