உன் கையில் இருந்த சிலேட்டு

அக்கா,

கோட்டூர்புரம் பாலத்தில் இன்று பஸ் நின்றபோது ஜன்னல் வழியாகப் புதுப் பெயிண்ட் வாசனை வந்தது. எட்டிப் பார்த்தேன். ஆற்றங்கரை மதில் முழுக்க ஓவியம். நடுவில், ஒரு மாடி உயரத்துக்கு, நீ. பச்சைப் புடவை, கையில் பூக்கூடை, வாய் நிறையச் சிரிப்பு. தலைக்கு மேலே ‘நம் நதி, நம் பெருமை’ என்று எழுதியிருந்தார்கள். அங்கேயே இறங்கிவிட்டேன்.

நீயாக இருந்தால் முதலில் மதிலுக்குப் பின்னால்தான் போயிருப்பாய். ரங்கநாதன் தெரு முனையில் நீ ஹேர்கிளிப் விற்ற காலத்தில், யாரோ ஒரு தலைவருக்குக் கட்-அவுட் வைக்க உன் கடையைத்தான் முதலில் தூக்கினார்கள். அதிலிருந்து பெரிய முகம் எதைக் கண்டாலும் உனக்கு ஆகாது. “இம்மாம் பெரிய மூஞ்சி வெச்சா, பின்னால இன்னாத்தையோ மறைக்கிறான்னு அர்த்தம்” என்பாய்.

பக்கத்து வீட்டில் இருந்த நான் பள்ளியில் வரலாறு நடத்துபவள். வானத்தை முட்டும் கோபுரம் எழுப்பிய ராஜா, குதிரைமேல் வெண்கலமாக உட்கார்ந்த வெள்ளைக்காரத் துரை என்று உன்னிடமும் அளப்பேன். “அத்த கட்டசொல்லோ ராஜாவுக்கு இன்னா பயமோ?” என்று ஒரே கேள்வியில் என் பாடத்தைக் கவிழ்ப்பாய். நான் சிரிப்பேன். நாலு எழுத்து படித்த திமிர்.

அந்தத் திமிரில்தான் அதையும் செய்தேன். ஆபீசர்கள் நம் கதவுகளில் சிவப்புப் பெயிண்டில் நம்பர் போட வந்தபோது நீ கதவைச் சாத்திக்கொண்டாய். “நம்பர் போட்டா பட்டா வரும்க்கா” என்று கெஞ்சித் திறக்கவைத்தவள் நான். தெருவே அப்படித்தான் நம்பியது. நம்பருக்கு மஞ்சள் குங்குமம் வைத்தோம். மழையில் மங்கினால் நானே பிரஷ் எடுத்து மேலே எழுதுவேன், உன் கதவிலும் சேர்த்து. அதே நம்பரை ஒரு சிலேட்டில் எழுதி உன் கையில் கொடுத்து, வாசலில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள்.

“கொஞ்சம் சிரியேன்க்கா” என்றேன்.

“எதுக்கு? கண்ணாலமா பண்ணிவெக்கிறானுங்க?” என்று முறைத்தாய்.

பட்டா வரவில்லை, லாரி வந்தது. அந்த நம்பர் வரிசைப்படிதான் வீடுகளை இடித்தார்கள். ஊருக்கு வெளியே ஏழாவது மாடியில் உனக்கு ஒரு வீடு கொடுத்தார்கள். லிஃப்ட் ஓடாத ஒரு நாள், படியில் உட்கார்ந்த நீ பிறகு எழுந்திருக்கவே இல்லை. கடைசிவரை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை நீ. திட்டியிருக்கலாம் அக்கா.

இன்று மதிலைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனேன். நம் தெரு இருந்த இடத்தில் கம்பி வேலியும் புல்லும். முன்பக்கம் வந்து படத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். இடது புருவத்தில் அதே தழும்பு, ஜாக்கெட்டில் அதே ஊக்கு. வரைந்துகொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன்.

“ஆபீஸ்ல குடுத்த போட்டோ மேடம். அந்தம்மா முறைச்சினு இருந்தாங்க, சிரிக்கிற மாதிரி போடச் சொன்னாங்க.”

“கையில ஒண்ணு இருந்துச்சே?”

“அது நல்லாயில்ல, பூக்கூடையா மாத்திருன்னாங்க.”

அவள் டீ குடிக்கப் போனாள். சிவப்பு டப்பா திறந்தே இருந்தது. அவளுடைய ஏணியில் ஏறி, பூக்கூடையின் மேல் உன் நம்பரைப் பெரிதாக எழுதினேன். நாற்பத்தேழு.

இதை எழுதும்போது நகக்கண்ணில் இன்னும் சிவப்பு இருக்கிறது. நாளைக்கே அழித்துவிடுவார்கள். அழிக்கட்டும். மங்கினால் மேலே எழுதுவது எனக்குப் பழக்கம்தானே அக்கா.