போர்ட் ஸ்கெரோவில் காட்டிய விரல்

ரேவன்ஷா
14 ஆகஸ்ட் 1988, ஞாயிறு

அன்புள்ள சிரில்,

ஆர்னல்ட் எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை நானும் மேவிஸும் குறையில்லாமல் இருக்கிறோம். அடிலெய்டில் நீயும் டோரீனும் குளிருக்குப் போர்த்திக்கொண்டு இருப்பீர்கள். ஆகஸ்ட் மாதத்தில் குளிர் என்று எழுதும்போது இன்னமும் எனக்குச் சிரிப்பு வருகிறது. பதிமூன்று வருஷம் ஆகியும் பழகவில்லை.

ஜூனில் நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். வேலை அதிகம், தோட்டத்து வேலி விழுந்துவிட்டது, மேவிஸின் தங்கை வந்து மூன்று வாரம் இருந்தாள். இதெல்லாம் சாக்கு என்று உனக்குத் தெரியும். நீ இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். நம் டீம் எப்படி லீக்கை விட்டே போனது என்பது ஒன்று. உன் அண்ணன் ஹெட்லி ஏன் இப்போதெல்லாம் கடிதத்தில் வெங்காயப் பாத்தியைப் பற்றி மட்டும் எழுதுகிறார், ஃபுட்பால் பற்றி ஒரு வரி இல்லை என்பது இன்னொன்று.

ஐம்பத்தொன்பது வருஷம் லீக்கில் இருந்துவிட்டுக் கடைசி இடத்தில் முடித்தால் ஊர் எப்படி இருக்கும் என்று நீயே நினைத்துப் பார். கசாப்புக்கடை ட்ரெவர் கடை ஜன்னலில் ஒரு வாரம் கறுப்புத் துணி தொங்கவிட்டிருந்தான். இறைச்சி வாங்கப் போனவர்கள் யாருக்குச் சாவு என்று கேட்டுவிட்டு வந்தார்கள். இனி கீழ்மட்டப் போட்டிகளுக்காக நாங்கள் போகப்போகும் மைதானங்களில் ஒன்று மாட்டுச் சந்தைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. "இத்தன நாள் நம்ம ஆட்டத்தப் பாத்து மனுசங்கதான் கொட்டாவி விட்டாங்க, இனிமே மாடுங்களும் விடும்" என்கிறான் ட்ரெவர். ஒரே வருஷத்தில் திரும்ப ஏறிவிடுவோம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கீழே விழுந்த எல்லா ஊரிலும் அதைத்தான் சொல்வார்கள், இல்லையா?

வெளியூர் ஆட்டங்களில் எது சிறந்தது என்று நாம் மூன்று பேரும் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? நீ எப்போதும் கிராண்டன் கட்சி. அங்கே விற்கும், மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட 'பை'க்காகவே அந்த மலை மேல் ஏறுவாய். நானும் உன் அண்ணனும் போர்ட் ஸ்கெரோவை விட்டுக்கொடுத்ததே இல்லை. கோல்கீப்பர் உதைத்த பந்தைக் காற்று திருப்பி அவர் கையிலேயே கொடுத்துவிடும் ஊர் அது. வறுத்த மீனும் சிப்ஸும் வாங்கினால் பாதி கடற்பறவைக்கு. எழுபத்து நாலில் லீக்குக்குள் நாம் மேல் பிரிவுக்கு ஏறியது அங்கேதான். கொட்டுகிற மழையில் நீ ஒரு ஷூவைத் தொலைத்துவிட்டு, ஒற்றை ஷூவோடு பஸ்ஸில் ஆடிக்கொண்டு வந்தாய்.

இந்த மே மாதம் நாங்கள் இறங்கியதும் அங்கேதான். பார்வையாளர்கள் நிற்கும் அதே படிகளில்.

நடந்ததைச் சொல்கிறேன். நீ போன பிறகு வந்த வழக்கம் ஒன்று உண்டு. கடைசி வாரங்களில் மற்ற மைதானத்துச் செய்தி வேண்டுமே, அதற்காக நான் ரேடியோ கொண்டுபோவேன். மேல்படியில், பின்சுவரை ஒட்டி நின்றால்தான் ரேடியோ எடுக்கும். உன் அண்ணன் கீழே கம்பி ஓரம், பயிற்சியாளர் உட்காருகிற பெஞ்சுக்குப் பின்னால். கூச்சலில் ஒன்றும் கேட்காது என்பதால் நான் கையைக் காட்டுவேன். விரித்த உள்ளங்கை என்றால் மாற்றமில்லை. ஒற்றை விரல் என்றால் அந்த மைதானத்தில் நம் போட்டி டீம் ஒரு கோல் வாங்கிவிட்டது. ஹெட்லி அதைப் பார்த்துச் சுற்றியிருப்பவர்களுக்கும் பெஞ்சுக்கும் சொல்வார். மற்றவர்கள் என்னைப் பார்ப்பதில்லை, ஹெட்லியைத்தான் பார்ப்பார்கள். பதினோரு வருஷம் ஒரு பிசகும் வந்ததில்லை.

அன்று கடைசி இடத்தைத் தவிர்க்கப் போராடிய எங்களுக்கும் மார்ல்பெக்குக்கும் சம புள்ளிகள், ஆனால் கோல் கணக்கில் அவர்கள் மேலே. அவர்கள் தோற்றால் எங்களுக்கு டிரா போதும். அவர்கள் டிரா செய்தால் நாங்கள் ஜெயித்தே ஆகவேண்டும். ஆட்டம் முடியப் பன்னிரண்டு நிமிஷம். ஒன்றுக்கு ஒன்று. அப்போது ஹெட்லி மேலே என்னைப் பார்த்தார். நான் உள்ளங்கையைக் காட்டினேன். அவர் அதை விரல் என்று நினைத்துவிட்டார். "மார்ல்பெக் ஒண்ணு வாங்கிட்டான்!" என்று பெஞ்சைப் பார்த்துக் கத்தினார். ஊரிலிருந்து வந்திருந்த முந்நூறு பேரும் குதித்தார்கள். டிரா போதும் என்று நம்பிய பயிற்சியாளர் ஸ்ட்ரைக்கரை வெளியே எடுத்துத் தடுப்பாட்டக்காரனை இறக்கினார். பையன்கள் பந்தை மூலைக் கொடிக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு நேரத்தைக் கழித்தார்கள். மார்ல்பெக்கில் ஒரு கோலும் விழவில்லை. அங்கே டிரா. இங்கேயும் டிரா. கதை முடிந்தது.

உன் அண்ணன் ஃபுட்பாலைப் பற்றி எழுதாததற்குக் காரணம் இதுதான். மேவிஸ் சாப்பிடக் கூப்பிடுகிறாள். மிச்சம் நாளைக்கு.

17 ஆகஸ்ட், புதன்

சிரில், ஞாயிறன்று எழுதியதைக் கிழித்துப் போட நினைத்தேன். பிறகு அப்படியே விட்டுவிட்டேன். மூன்று மாதமாக ஊருக்கு நான் என்ன சொல்லி வருகிறேன் என்று நீ பார்க்க வேண்டும். அதில் எல்லாம் உண்மை, ஒன்றைத் தவிர. நான் காட்டியது உள்ளங்கை இல்லை. விரல்தான்.

ரேடியோ அன்று இடைவேளை முடிந்து பத்து நிமிஷத்திலேயே செத்துவிட்டது. காலையில் பஸ்ஸில் மூன்று மணி நேரம் அதை முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டு வந்தவன் நான்தான். எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள், எனக்கு அது பெருமையாக இருந்தது. மாற்று பாட்டரிகளை மேவிஸ் ரொட்டி டப்பாவுக்குப் பக்கத்தில் எடுத்து வைத்து, இரண்டு தரம் சொல்லியும் அனுப்பினாள். நான் எடுக்கவில்லை. இதைக் கீழே போய்ச் சொல்ல வெட்கமாக இருந்தது. ரேடியோக்காரன் என்று பேர், பாட்டரி இல்லை! அதனால் ஹெட்லி பார்க்கும்போதெல்லாம் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டிருந்தேன். மாற்றமில்லை, மாற்றமில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது.

பிறகு நம் கூட்டம் பேசுவதை நிறுத்திவிட்டது. பாட்டு நின்றது. பையன்கள் ஓட முடியாமல் நடக்க ஆரம்பித்தார்கள். உன் அண்ணன் நிமிஷத்துக்கு ஒரு தரம் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு சத்தம் எழும்பினால் போதும், பையன்களுக்கு உயிர் வந்துவிடும், ஒரு கோல் போட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். விரலை உயர்த்திவிட்டேன். ஹெட்லி அதைப் பெஞ்சுக்குச் சொல்வார் என்பது எனக்குத் தெரியாதா? அது அவருடைய வேலை. பதினோரு வருஷமாக நாங்கள் செய்தது அதுதானே.

அதற்குப் பின்னும் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது, சிரில். ஸ்ட்ரைக்கர் வெளியே வருவதைப் பார்த்தேன். பந்து மூலைக்குப் போவதைப் பார்த்தேன். படியிறங்கி ஓடிப் போய் "இல்ல, பொய், கோல் போடுங்கடா" என்று கத்தியிருக்கலாம். நான் சுவரில் சாய்ந்து நின்றேன், செத்த ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு.

திரும்பும்போது பஸ்ஸில் ட்ரெவர் எழுந்து நின்றான். "எவன்யா அந்தப் புரளியக் கெளப்பினது? இப்பவே தெரிஞ்சாகணும்" என்றான். எல்லோரும் ஹெட்லியைப் பார்த்தார்கள். ஹெட்லி என்னைப் பார்த்தார். குற்றம் சொல்கிற பார்வை இல்லை அது, சந்தேகம் கேட்கிற பார்வை. "ஆர்னல்ட், நீ விரலத்தானே காட்டின?" என்று கேட்டார். நான் உள்ளங்கையைத்தான் காட்டினேன் என்றேன். குரல்கூடத் தடுமாறவில்லை. உன் அண்ணன், "அப்ப எனக்குத்தான் கண்ணு சரியில்ல. தப்பாப் பாத்துட்டேன். மன்னிச்சிடுங்கப்பா" என்றார். ட்ரெவர், "உன் கண்ணாலதான்யா போச்சு அம்பத்தொன்பது வருஷம்" என்றான். சிலர் கை தட்டினார்கள்.

அதோடு முடிந்திருந்தால் என் அசிங்கம் என்னோடு போயிருக்கும். முடியவில்லை. ஜூனில் கண் பரிசோதனைக்குப் போனார். கண் நன்றாக இருக்கிறது, அறுபத்திரண்டு வயதுக்கு அபாரம் என்றார்களாம். அதைக் கேட்டு அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். ஜூலையில் ரொட்டி வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். ஏன் என்று பேக்கரிக்காரர்களுக்கும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போனால் வெங்காயப் பாத்தியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

இன்று மத்தியானம் வந்து என்னைப் பூங்காவுக்குக் கூப்பிட்டார். புல்வெளியின் ஒரு கோடியில், குழாயடியில் என்னை நிற்க வைத்தார். அவர் மறுகோடியில், கம்பி ஓரம். "இருவது தடவ காட்டு. விரலோ கையோ, உன் இஷ்டம்" என்றார். நான் காட்டினேன். அவர் அங்கிருந்து ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுச் சொன்னார். விரல், கை, கை, விரல். நாயோடு நடந்துகொண்டிருந்த பெண்மணி ஒருத்தி நின்று எங்களை வேடிக்கை பார்த்தாள். இருபதும் சரி.

நான் நடந்து அவரிடம் வந்தபோது அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "கண்ணு இல்லடா ஆர்னல்ட். அன்னிக்கு நான் விரலத்தான் பாத்தேன். இப்பவும் கண்ண மூடினா அந்த விரல் தெரியுது. உன் மோதிரங்கூடத் தெரியுது. இல்லாத ஒண்ணு அவ்ளோ தெளிவாத் தெரியுதுன்னா அது தலையிலதான் கோளாறு. அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சு. சிரிலுக்கு எழுதிடாத, பாவம், பயப்படுவான்."

உங்கள் அப்பாவின் கடைசி வருஷம் உனக்கு மறந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, பூட்டிய மைதானத்தின் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார். நாம் இரண்டு பேரும்தான் கையைப் பிடித்துக் கூட்டி வருவோம். ஹெட்லி இப்போது தினமும் காலையில் அந்த ஐம்பத்தொன்பது வருஷத்து ஆட்ட முடிவுகளைத் தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிறாராம், எவ்வளவு மறந்துவிட்டது என்று தெரிந்துகொள்ள.

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் யாருமில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வா, டீ குடிக்கலாம்." என் வாயில் அதுதான் வந்தது. அவரும் வந்தார். குடித்துவிட்டு, இருபதுக்கு இருபது காட்டியதற்கு எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

சிரில், என்னை நினைத்தால் எனக்கே குமட்டுகிறது. டீம் கீழே போனதற்காக இல்லை. டீம்கள் போகும், வரும். என் பாட்டரியை மறைக்க நான் ஒரு மனிதனை அவனுடைய புத்தியையே நம்பாமல் செய்துவிட்டேன்.

சனிக்கிழமை முதல் வெளியூர் ஆட்டம், அந்த மாட்டுச் சந்தை ஊருக்கு. பஸ் எட்டு மணிக்கு. இருபது வருஷமாகப் பெயர்ப் பட்டியல் வாசித்து ஆள் ஏற்றியவர் உன் அண்ணன்தான். இந்தத் தடவை பட்டியலை ட்ரெவரிடம் கொடுத்துவிட்டார். கடைசியாக ஒரு தரம் வா என்று கெஞ்சி அவரைச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். பஸ் புறப்படுவதற்கு முன்னால் டிரைவரின் மைக்கை வாங்கி, அத்தனை பேர் முன்னாலும் சொல்லப் போகிறேன். தனியாகச் சொன்னால் அவர் மன்னித்துவிட்டு, ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று மூடி மறைத்துவிடுவார். அவர் அப்படிப்பட்டவர். பஸ்ஸில் பழி அவர் மேல் விழுந்தது, பஸ்ஸில்தான் இறங்க வேண்டும்.

ஆனால் என்னை நான் நம்பவில்லை. மே மாதத்திலிருந்து இதுவரை ஐந்து தரம் வாயைத் திறந்து மூடியிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதத்தை நாளைக் காலையிலேயே, சனிக்கிழமைக்கு முன்னாலேயே, தபாலில் போடுகிறேன். போட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. இது உன் கையில் கிடைத்ததும் செலவைப் பார்க்காமல் உன் அண்ணனுக்குப் போன் பண்ணு. நான் சொல்லியிருந்தால் அவரே உன்னிடம் சொல்வார். அவர் வெங்காயத்தைப் பற்றிப் பேசினால், நான் சொல்லவில்லை என்று அர்த்தம். அப்போது இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து அவருக்கு வாசித்துக் காட்டு. என் பெயரை விட்டுவிடாதே.

நீ இனி எனக்கு எழுதாவிட்டாலும் நியாயம்தான். நீயும் டோரீனும் நன்றாக இருக்க வேண்டும். உன் அண்ணன் உங்கள் அப்பாவின் வயதையும் தாண்டி, இதே புத்தியோடு, அந்தப் பட்டியலைச் சத்தம் போட்டு வாசித்துக்கொண்டு இருக்க வேண்டும். எது மறந்தாலும் அவரிடம் இதை மட்டும் முதலில் சொல், சிரில். அவர் கண்ணுக்கும் ஒன்றுமில்லை, தலைக்கும் ஒன்றுமில்லை. அவர் பார்த்தது விரல்தான். மோதிரமும் இருந்தது.

இப்படிக்கு,
இன்னும் உன் நண்பன் என்று எழுதக் கை கூசும்,
ஆர்னல்ட்