லிப்ட் நின்ற வாரம்

அன்புள்ள கணவருக்கு,

என் உடம்பு நன்றாக இருக்கிறது. காய்ச்சல் இல்லை, தலைசுற்றல் இல்லை, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். எனக்கு உடம்பு சரியில்லை என்று நீங்கள் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருப்பதால் இதை முதலில் எழுதிவிடுகிறேன். அத்தையும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். இதைப் படித்து முடிக்கும்வரை அப்படியே இருங்கள்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். நான் குரலை உயர்த்தினால் உங்களுக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது. கூரியரில் அனுப்பினால் கையெழுத்துப் போட்டு வாங்கித்தான் ஆக வேண்டும்.

நேற்றுக் காலை நம் ஆராய்ச்சி கைடு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னபோதே சந்தேகம் வந்தது. அந்த அறை நாற்காலியில் எப்போதும் யாருடைய தீசிஸாவதுதான் உட்கார்ந்திருக்கும். அதை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, "உடம்பு எப்படிம்மா இருக்கு? அவர் போன் பண்ணிச் சொன்னார். அவசரமே இல்லை, செமினாரை அடுத்த டெர்முக்குத் தள்ளிக்கலாம்" என்றார். எனக்கு வந்த வியாதியை நான் அவரிடமிருந்து தெரிந்துகொண்டேன்.

அடுத்த டெர்ம் என்று ஒன்று எனக்குக் கிடையாது. அவருக்குக் கீழே ஏகப்பட்ட பேர், அவர் மறந்திருக்கலாம். உங்களுக்கு மறக்க வழியில்லை. என் பதிவு இந்த டெர்மோடு காலாவதியாகிறது. நீட்டிப்பு ஒருமுறைதான், அதையும் வாங்கியாகிவிட்டது. இதற்குள் ஆய்வுச் சுருக்கத்தை எல்லோர் முன்னாலும் சொல்லும் சினாப்சிஸ் செமினாரை முடித்துத் தீசிஸைக் கொடுக்காவிட்டால், பாஸ் செய்த பாடங்களும் தகுதித் தேர்வும் செல்லாது. மறுபடி அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இந்த விதிகளையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே நீங்கள்தானே. நான் லேபில் சேர்ந்த புதிதில், கேன்டீனில் உட்கார வைத்து, டாக்டர் பட்டத்துக்கு என்னென்ன வேண்டும் என்று விளக்கினீர்கள். முதலில் பாடங்கள், கணக்குப் பாடம் தப்பாது. பிறகு எழுத்திலும் வாயிலும் தகுதித் தேர்வு, குழுவுக்கு முன்னால் ஆய்வுத் திட்டம், ஜர்னலில் இரண்டு கட்டுரை, இந்தச் செமினார். தீசிஸ் கொடுத்தால் முன்பின் தெரியாத வெளியூர்ப் பேராசிரியர்கள் படித்துக் கிழிப்பார்கள், அதையும் தாண்டினால் யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கும் வைவா. எல்லாம் சொல்லிவிட்டு, "இதெல்லாம் சடங்குதான். இதுவரைக்கும் யாரும் சொல்லாத ஒரு உண்மையைச் சொல்லணும், அவ்வளவுதான்" என்றீர்கள். அந்த வாக்கியத்தில் மயங்கித்தான் உங்களைக் கட்டிக்கொண்டேன்.

நீங்கள் சொன்ன அந்த உண்மையை ஒருமுறை ஞாபகப்படுத்துகிறேன். பழைய மின் கேபிளின் உறைக்குள் கண்ணுக்குத் தெரியாத பொறிகள் கிளம்பும், கேபிள் சாகப்போகும் சமயத்தில் அவை கொத்துக் கொத்தாக வரும், அதைப் பார்த்து முன்கூட்டியே எச்சரிக்கலாம் என்று எழுதினீர்கள். அதற்குத்தான் பட்டம், அதை வைத்துத்தான் வெளியூரில் இந்த வேலை. என் மூன்றாம் அத்தியாயமும் அதன் தோள்மேல்தான் ஏறி நிற்கிறது. அதே லேபில் அதே மேஜையில் நானும் அளந்தேன். எனக்கும் கொத்துக் கொத்தாகவே வந்தது. அன்று உங்களுக்குப் போன் செய்து சின்னப் பிள்ளை மாதிரி குதித்தேன். நீங்கள், "ம், நல்லது" என்றீர்கள்.

போன மாதம் ஒரு வாரம் பொறிகளே வரவில்லை. கருவியைக் கழற்றி மாட்டினேன், கேபிளை மாற்றினேன். "செத்த கேபிள் திருந்திடுச்சு போல" என்று லேப் அசிஸ்டென்ட் கிண்டல் செய்தார். என்ன செய்வதென்று தெரியாமல் உங்களுக்குப் போன் செய்தேன். "ஒரு வாரமா ஒண்ணுமே வரலைங்க" என்று மட்டும்தான் சொன்னேன். நீங்கள், "ஏன், லிப்ட் ரிப்பேரா?" என்று கேட்டீர்கள்.

நான் லிப்ட் என்ற பேச்சையே எடுக்கவில்லை. நம் லேப் தரைத்தளத்தில் இருக்கிறது, லிப்ட் ஓடுகிறதா நிற்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? போனை வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்ப் பார்த்தேன். லிப்ட் கதவில் பழுது என்று அட்டை தொங்கியது.

அது சரியான அன்றைக்கே லேப் அசிஸ்டென்ட்டை ஏற்றி மேலும் கீழும் போய்வரச் சொன்னேன். "என்னைப் பார்த்தா பொம்மை ரயில் ஓட்டுறவன் மாதிரி இருக்கா" என்று முனகிக்கொண்டே போனார். லிப்ட் கிளம்பும்போதெல்லாம் என் திரையில் ஒரு கொத்து. நம் எர்த் கம்பியும் லிப்ட் மோட்டாரின் எர்த் கம்பியும் ஒரே இடத்தில் போய்ப் புதைந்திருக்கின்றன, மோட்டார் கிளப்பும் மின்குப்பை அந்த வழியாக நம் கருவிக்குள் வந்திருக்கிறது. நம்முடையதைப் பிரித்துத் தனியாக இறக்கினோம். அதன்பிறகு லிப்ட் எத்தனை முறை ஓடினாலும் திரை அசையவில்லை. சாகப்போகும்போது கொத்து அதிகமாகிறது என்றீர்களே, உங்கள் தீசிஸில் அந்தத் தேதிகளையும் பார்த்தேன். விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த வாரம் அது. வகுப்பு விட்டதும் பிள்ளைகள் லிப்டில் முண்டியடித்து ஏறியதைத்தான் கேபிளின் மரண வாக்குமூலம் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள்.

தப்பாக அளந்ததற்கு எனக்குக் கோபமில்லை. நானும்தான் ஏமாந்தேன். மறுபடி போன் செய்து, எப்போது தெரியும் என்று கேட்டதற்கு, "வைவா முடிஞ்சப்புறம்தான் லேசா ஒரு சந்தேகம் வந்தது" என்றீர்கள். அந்தச் சந்தேகத்தை மடியில் கட்டிக்கொண்டு, அதே மேஜையில் என்னை உட்கார வைத்து, அதே எர்த்தில் இத்தனை வருஷம் அளக்க விட்டீர்கள். ஒருநாளாவது, ஒரு வாய்ச் சொல்லாவது சொல்லியிருக்கலாம். சாப்பாட்டில் உப்பு கூடினால் மட்டும் உடனே சொல்லத் தெரிகிறது.

"மூணாவது அத்தியாயத்தை எடுத்துட்டு மத்ததை வச்சு முடிச்சிடேன்" என்று யோசனை சொன்னீர்கள். முடியாது என்றேன். அதற்கு மூன்றாம் நாள் உங்களிடமிருந்து கைடுக்குப் போன் போயிருக்கிறது. உங்கள் பட்டம் பத்திரமாக இருக்க என் பட்டம் காலாவதியாக வேண்டும். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது, ஆனால் நீங்கள் என் கண்ணையல்லவா பொத்தப் பார்த்தீர்கள். வேறு யாராவது தன் மனைவிக்கு இப்படிச் செய்திருந்தால் நாம் இருவரும் சேர்ந்து அவனை என்ன பாடு படுத்தியிருப்போம்?

அத்தைக்கு எல்லாம் தெரியும். கோள் மூட்டினேன் என்று நினைக்க வேண்டாம். நான் பாத்திரம் கழுவும் சத்தத்தைக் கேட்டு அவரே விசாரித்தார். "வீட்ல ரெண்டு பேரு கரண்டைப் படிச்சிருக்கீங்க, ஹால் ஃபேன் கடகடங்கறதை நிறுத்த ஒருத்தருக்கும் தெரியலை" என்ற வழக்கமான பாட்டை முதலில் பாடினார். படுக்கப் போகும்போது, "நீ உன் படிப்பை முடி. அவன் என் பிள்ளைங்கிறதுக்காக நீ எதையும் முழுங்காதே" என்றார். உங்கள் பட்டமளிப்புப் படத்தை ஹாலில் மாட்டியவர் அவர்தான். நேற்று அதைத் துடைக்காமல் விட்டுவிட்டார்.

உடம்புக்கு ஒன்றுமில்லை, தேதி அப்படியே இருக்கட்டும் என்று கைடிடம் சொல்லிவிட்டேன். லிப்டைப் பற்றிச் சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்தது. அது நீங்கள் சொல்ல வேண்டியது என்று அடக்கிக்கொண்டேன். மூன்றாம் அத்தியாயத்தை எடுக்கப்போவதில்லை, திருப்பி எழுதுகிறேன். வெளியிலிருந்து வரும் குப்பையையும் கேபிளின் சொந்தப் பொறியையும் எப்படிப் பிரிப்பது என்பதுதான் இனி அந்த அத்தியாயம். என் இரண்டு கட்டுரைகளும் அளக்கும் கருவியைப் பற்றியவை, அதனால் தலை தப்பியது.

பட்டத்தைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயப்படுகிறீர்கள். தப்பாக அளந்ததற்காக யார் பட்டத்தையும் பிடுங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. மறைத்தால் என்ன செய்வார்கள் என்று தெரியாது. வேலையில் என்ன சொல்வார்களோ, அதுவும் தெரியாது. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. இந்தக் கோபத்திலும் நீங்கள் அங்கே தனியாக உட்கார்ந்து இதைப் படிப்பதை நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. அதற்காக ஒரு வரியையும் அடிக்க மாட்டேன்.

எர்த்தைப் பிரித்த பிறகு எடுத்த அளவுகளை இத்துடன் வைத்திருக்கிறேன். கைடுக்கும் உங்கள் கட்டுரை வந்த ஜர்னலுக்கும் நீங்களே எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். செமினார் அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை. நான் பேசி முடித்ததும் யாராவது எழுந்து, இதை முதலில் அளந்தது யார் என்று கேட்பார்கள். என் கணவர் என்று சொல்வேன், மறைக்க மாட்டேன். தப்பு என்று தெரிந்ததும் அவரே எழுதிக் கொடுத்துவிட்டார் என்று அதோடு சேர்த்துச் சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது. சொல்ல விடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் உங்கள் மனைவியாகவே இருக்கும்,
நான்