பலகைக்கு அந்தப் பக்கம்

லிங்கராஜபுரம், பெங்களூர்
14.8.1997

அன்புள்ள சரளாவுக்கு கிளாரன்ஸ் எழுதுவது. அத்தையின் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம் என்று எழுதினால் பொய்.

நீ ஜோலார்பேட்டைக்கு ரயிலேறிய இந்த ஐந்து நாளில் நூற்றுப் பன்னிரண்டு குஞ்சுகள் செத்துவிட்டன. கொண்டையும் காலும் வெளிறி, இறக்கைக்கு அடியில் நீலம் கட்டி, தீனியைத் தொடாமல் விளக்கடியில் ஒடுங்கிக் கிடக்கின்றன.

நேற்று செத்ததில் மூன்றைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி ஹெப்பால் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் அனந்தபத்மநாபன் தொடை எலும்பைப் பிளந்து காட்டினார். சிவப்பாக இருக்கவேண்டிய மஜ்ஜை மஞ்சளாக, கொழுப்பு மாதிரி இருந்தது. உடம்பில் ரத்தமே ஊறவில்லையாம். இது ஒரு வைரஸாம். தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகவே வந்துவிடுமாம், இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் வெளியே தெரியுமாம். இதற்கு மருந்து கிடையாது. ஊசி போட்ட கை பட்டு இறக்கை நீலமாகியிருக்குமா என்று கேட்டேன். ஊசி போடாத குஞ்சு இருந்தால் அதைப் போய்ப் பார் என்றார்.

அம்மை ஊசி மருந்து பத்தாமல், கொட்டகையின் தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் நீ ஒதுக்கி வைத்த நாற்பது குஞ்சுகள் அப்போதுதான் ஞாபகம் வந்தன. வந்ததும் ஒவ்வொன்றாக இறக்கையை விரித்துப் பார்த்தேன். ஒன்பதில் அதே நீலம்.

ஊசி போட்டதும் சில குஞ்சுகள் செத்த அன்றைக்கே நீ சொன்னாய். "குத்தின எடத்துல ரத்தம் தண்ணியா வருதுங்க, நிக்கவே மாட்டேங்குது. ஊசி போடாததும் வெளுத்துக் கெடக்கு, பலகைக்கு அந்தப் பக்கம் வந்து பாருங்க." நான் பார்க்கவில்லை. குஞ்சுகள் அண்ணன் பண்ணையிலிருந்து வந்தவை, அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, உன் கை முரட்டுக் கை, நீதான் கொன்றாய் என்று கத்தினேன். ஆறு வருஷமாக அத்தனை குஞ்சுக்கும் ஊசி போட்டவள் நீ. எனக்கு ஊசியைப் பிடிக்கக்கூடத் தெரியாது. வெட்கமாக இருக்கிறது, சரளா.

இன்று அண்ணனுக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை அனுப்பவிருந்த குஞ்சுகள் வேண்டாம், தாய்க்கோழிகளை முதலில் பரிசோதியுங்கள் என்றேன். பெண்டாட்டி சொல்லிக் கொடுத்தாளா என்று கேட்டார். "ஆமா, அவதான் மொதல்ல கண்டுபிடிச்சா" என்றேன். போனை வைத்துவிட்டார்.

மிச்சமிருப்பவை இந்த வாரம் தாக்குப்பிடித்தால் தேறிவிடலாம், கொண்டை சிவக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இரு என்றார் டாக்டர். மணிக்கொரு தரம் பார்க்கிறேன். எனக்கு எல்லாம் ஒரே வெளுப்பாகத்தான் தெரிகிறது. உன் கண் வேண்டும்.

கோபம் ஆறாவிட்டாலும் பரவாயில்லை, கோபத்தோடேயே வா. அண்ணன் எதிரில் சொன்னதை அண்ணன் எதிரிலேயே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். நீ பக்கத்தில் நிற்காமல் அதைச் செய்ய முடியாது. கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்,
கிளாரன்ஸ்