சராசரியைக் கழித்த பிறகு

உன் நாற்காலி முதுகில் கிடந்த சிவப்பு ஸ்வெட்டரை இன்று எடுத்து மடித்தேன். புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்கிறாள், இடம் வேண்டுமாம். ஏசி குளிருக்கு நீ தேய்த்துக்கொள்ளும் தைல வாசனை இன்னும் அதில் போகவில்லை. முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். திருப்பதி வெயிலில் ஸ்வெட்டர் போடுகிற ஒரே பைத்தியம் என்று உன்னைக் கேலி செய்தவள்தான் நான்.

திரையில் ஜூலை மாத வரைபடம் திறந்தே இருந்தது. நம் வானிலை ஆராய்ச்சியில் முதல் வேலையே கழிப்பதுதான். பல வருடத்து ஜூலைகளைச் சேர்த்துச் சராசரி எடுத்து, அதை ஒவ்வொரு ஜூலையிலிருந்தும் கழித்துவிடுவோம். கடலில் எப்போதும் இருக்கிற சூடு, எப்போதும் வீசுகிற காற்று எல்லாம் போய்விடும். மிஞ்சுகிற விலகல்தான் நமக்குச் செய்தி. இந்துமாக்கடல் வழக்கத்தைவிடச் சூடாக இருந்த கோடையில், சீனாவின் யாங்சி ஆற்றுப் பக்கம் மழை ஏன் கொட்டித் தீர்த்தது என்று அப்படித்தான் தேடிக்கொண்டிருந்தோம். "வழக்கமான ஜூலையத் தூக்கிப் போடுடி, அதுல ஒண்ணும் கெடையாது" என்பாய்.

உன் அம்மாவுக்கு இந்த ஆராய்ச்சியே பிடிக்காது. சித்தூர் பக்கம் உன் ஊர் புத்தலப்பட்டுக்கு நான் உன்னோடு முதல்முறை வந்தபோதே என்னிடம் முறையிட்டார். "இங்க போர்ல தண்ணி இல்ல. இவ இன்னான்னா சீனாக்காரனுக்கு மழ பாத்துக்கினு கீறா."

தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "நம்ம கடல் சூடானாத்தாம்மா அங்க கொட்டுது" என்றாய்.

"அப்ப இங்க கொட்டச் சொல்லு" என்றார். விழுந்து விழுந்து சிரித்தோம்.

டெங்கு உன்னைக் கொண்டுபோன பிறகு, காரியத்தன்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சின்னதுலயே ஆஸ்டல்ல வுட்டுட்டேன் கண்ணு. பண்டிகைக்கு வருவா, போயிடுவா. சும்மா ஒரு நாள்ல அவ எப்படி இருப்பா? எப்ப துன்னுவா, இன்னா பேசுவா? எனுக்குத் தெரியலியே."

வாயைத் திறந்தேன். கருத்தரங்கில் நீ பேசியது, கப்பலில் போய் வாந்தியெடுத்தது, கடைசியில் ஆஸ்பத்திரி. பெரிய நாட்கள்தான் வந்தன. வருடக்கணக்காகப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தும், உன் சாதாரண நாள் ஒன்றுகூட எனக்குச் சட்டென்று அகப்படவில்லை.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தூர் பஸ் ஏறி அவரிடம் போகிறேன். வாரம் முழுக்க யோசித்து ஒன்றிரண்டைத் தேடி எடுத்துப்போவேன். டீயை ஆறவிட்டுவிட்டு, ஆறிப்போனதே என்று தினமும் ஆச்சரியப்படுவாய். கம்ப்யூட்டர் நின்றுபோனால் அதைத் தெலுங்கில் திட்டுவாய். திருத்தணி ரயில் தாமதமாகி நான் மூச்சிரைக்க வந்தால், "இன்னா, இன்னிக்கும் சிக்னலா?" என்று சிரிக்காமல் கேட்டுவிட்டு, மத்தியானம் என் ஊறுகாயைக் கேட்காமலே எடுத்துக்கொள்வாய். உன் அம்மா கேட்டுக்கொண்டே இருப்பார். முடித்தால் "அப்புறம்?" என்பார்.

போன ஞாயிறு என்னிடம் ஒன்றும் இல்லை. எவ்வளவோ துழாவிப் பார்த்துவிட்டேன். நீ தீர்ந்துபோய்விட்டாய் என்று தோன்றியது. உன்னை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட நான் இப்படிப் பயந்ததில்லை. "புதுசா எதுவும் ஞாபகம் வரலம்மா" என்று அவர் மடியில் விழுந்து அழுதேன்.

அவர் என் தலைமுடியை ஒதுக்கிவிட்டார். "புதுசு எதுக்குக் கண்ணு? சொன்னதையே சொல்லு. அவளும் தெனம் அதையேதான பண்ணிக்கினு இருந்தா?"

சொன்னேன். வருகிற ஞாயிறும் அதையேதான் எடுத்துப்போகிறேன்.