சிமிட்டிக்கொண்டிருந்த விளக்கு

அன்புள்ள அண்ணாவுக்கு,

அன்று காலை நீ முட்டை அறைக்குள் வந்து, குஞ்சு பொரிக்க நீயே செய்த இன்குபேட்டரின் மூடியைத் திறந்தபோது, "அண்ணா, அது நான்தான்" என்று நான் சொல்லவில்லை. அம்மா உன்னைத் திட்டியபோது சொல்லவில்லை. நீ திரும்பி, "கம்ப்யூட்டர யாராச்சும் தொட்டீங்களா?" என்று பொதுவாகக் கேட்டபோதும் சொல்லவில்லை. எனக்குப் பதிலாக அம்மாதான் சொன்னாள்: "அவள எதுக்குடா கேக்குற? அவ புஸ்தகத்துலேர்ந்து தலையத் தூக்கினாத்தான?" அந்த நிலைமையிலும் நீ லேசாகச் சிரித்தாய். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டு பதினான்கு மாதம் ஆகிறது.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை; மாடிப்படி ஏறும்போது மட்டும் படிகளைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். இப்போது பழையபடி கண்ணாடித் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு, மணிக்கு ஒரு தரம் போய் முட்டைகளின் சூட்டைப் பார்க்கிறாள். நீ செய்த பெட்டி மூலையில் இருக்கிறது. அதன்மேல் காலிச் சாக்குகளை அடுக்கியிருக்கிறாள். நூலகத்தில் எனக்கு வேலை வழக்கம்போல.

குறைமாதக் குழந்தைகளைப் படுக்கவைக்கும் சூட்டுப்பெட்டிகள் செய்யும் அந்த நிறுவனத்திலிருந்து உனக்கு மறுபடி கடிதம் வந்ததை அம்மா ஃபோனில் சொன்னாளாம். நீ கிழித்துப் போடச் சொன்னாயாம். கிழிக்கவில்லை, என்னிடம்தான் இருக்கிறது. மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள். போன தடவை நீ மறுத்தபோது சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது: "கோழிக்குஞ்சையே காப்பாத்தத் தெரியாதவன் செஞ்ச பெட்டிக்குள்ள யாரோட குழந்தையைப் படுக்க வெக்கறது?" அப்போது நான் பக்கத்து அறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். குழாயை இன்னும் கொஞ்சம் வேகமாகத் திறந்துவிட்டேன், வேறொன்றும் செய்யவில்லை.

இனி நடந்ததை எழுதுகிறேன். தயவுசெய்து கடைசிவரை படி.

அந்த வருஷம் நானும் ப்ரோகிராம் ஏற்றி ஓட்டும் ஒரு போர்டு வாங்கியிருந்தேன், நீ இன்குபேட்டருக்குள் வைத்தது போலவே சின்னது. உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ சந்தோஷமாகக் கற்றுக்கொடுத்திருப்பாய், அதோடு ஊர் முழுக்கச் சொல்லியுமிருப்பாய். எனக்கு எதையும் யாரும் பார்க்காதபோது கற்றுக்கொள்ள வேண்டும். தப்பாகச் செய்வதை எவரும் பார்த்துவிடக் கூடாது. இதுவரை அதை அடக்கம் என்று நினைத்திருந்தேன். இப்போது அதற்கு வேறு பெயர் தெரியும்.

நீ வெளியூர் போயிருந்தாய், மறுநாள் காலை பஸ்ஸில்தான் வருவாய். அம்மா கடைக்குப் போயிருந்தாள். மதியம் மூன்று மணி இருக்கும். கிழவனிடம் உட்கார்ந்தேன். (உன் பழைய கம்ப்யூட்டருக்கு நீ வைத்த பெயரைத்தான் அம்மா இன்னமும் சொல்கிறாள். "கிழவன் எந்திரிச்சாச்சா" என்பாள்.) அவனுக்கு ஏற்ற டிரைவர் சாஃப்ட்வேரைத் தேடி நீ இரண்டு நாள் அலைந்ததையும், இன்குபேட்டர் போர்டிலிருந்து வரும் ஒயரை யூ.எஸ்.பி. அடாப்டர் வழியாக அவனோடு சேர்த்து, பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் சூட்டைப் பதிந்துவைக்க ஏற்பாடு செய்ததையும் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். என் போர்டுக்கும் அதே மாதிரி அடாப்டர்தான் வாங்கினேன். முன்பு இரண்டு தடவை உன் அடாப்டருக்குப் பக்கத்து ஓட்டையில் அதைச் செருகி, கிழவன் அந்த ஓட்டைகளைக் கூப்பிடும் பெயரில் எனக்குக் காம் நான்கு, உனக்குக் காம் மூன்று என்று தெரிந்துவைத்திருந்தேன்.

அன்று மேஜை ஒரே தூசியாக இருந்தது. கம்ப்யூட்டருக்குப் பின்னால் துடைக்க உன் அடாப்டரைப் பிடுங்கினேன். திரையில் சூட்டைப் பதியும் பதிவு ஜன்னல் ஏதோ பிழை என்று கத்தியது, மூடிவிட்டேன். துடைத்து முடித்து இரண்டையும் செருகும்போது ஓட்டை மாற்றிச் செருகிவிட்டேன். பார்க்க இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல இருக்கும், அதற்குள் தனி அடையாள எண்ணும் கிடையாது. கிழவனுக்கு வந்து உட்கார்ந்த ஆள் முக்கியமில்லை, எந்த நாற்காலி என்பதுதான் கணக்கு. ஆகவே காம் நான்கு என்பது இப்போது உன் இன்குபேட்டர்.

போர்டோடு வந்த புத்தகத்தின் முதல் பாடம், விளக்கைச் சிமிட்ட வைப்பது. எட்டு வரி. காம் நான்குக்கு அனுப்பினேன். "முடிந்தது" என்று வந்தது. ஆனால் என் போர்டு சிமிட்டவேயில்லை. ஒயர்தான் கோளாறு, நாளைக்குப் பார்க்கலாம் என்று அதைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டேன். பதிவு ஜன்னலைத் திரும்பத் திறக்க மறந்தேன்.

சிமிட்டியது உன் பெட்டி. சூட்டைப் பார்த்துச் சூடேற்றும் கம்பிச்சுருளைப் போட்டு அணைக்கும் உன் ப்ரோகிராம் முழுவதும் அழிந்து, அந்த இடத்தில் என் எட்டு வரி உட்கார்ந்திருந்தது. அதற்குத் தெரிந்த ஒரே வேலை முகப்பு விளக்கைச் சிமிட்டுவது. நீதான் அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தாய், விளக்கு சிமிட்டினால் பெட்டி உயிரோடிருக்கிறது, சும்மா மூடியைத் திறந்து சூட்டை வீணாக்காதே என்று. அம்மா இருட்டுவதற்கு முன்னும் படுக்கப் போகும் முன்னும் எட்டிப் பார்த்து, "கண்ணு சிமிட்டுது, சமத்து" என்று சொல்லிவிட்டுப் போனாள். உள்ளே இருநூற்று நாற்பது முட்டைகள், பதினாறாவது நாள், ஆறிக்கொண்டிருந்தன.

காலையில் அம்மா ஈரப்பதத்துக்கான தட்டில் தண்ணீர் ஊற்றத் திறந்தபோது அவை சில்லென்றிருந்தன. அவள் போட்ட சத்தத்தில் ஓடிவந்தேன். விளக்கு சிமிட்டுவதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அது உன் விளக்கைவிட வேகமாகச் சிமிட்டியது, புத்தகத்தில் இருந்த வேகத்தில்.

இதுவரை நடந்தது தப்பு. யாருக்கும் நேரக்கூடியது. அதற்கு நீ ஒருநாள் கோபித்து மறுநாள் கேலி செய்திருப்பாய். நான் வெட்கப்படுவது அடுத்துச் செய்ததற்கு.

குஞ்சு கேட்டிருந்த பண்ணைக்காரரிடம் சொல்ல அம்மா தெருமுனை வரை போனாள். உன் பஸ் வர அரைமணி இருந்தது. நான் கிழவன்முன் உட்கார்ந்து, உன் ஃபோல்டரைத் திறந்து, உன் ப்ரோகிராமை எடுத்துத் திரும்ப அந்தப் பெட்டிக்குள் ஏற்றினேன். அடாப்டரைப் பழைய ஓட்டைக்கு மாற்றினேன். பதிவு ஜன்னலைத் திறந்துவைத்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நிதானமாகத்தான் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீ உள்ளே வந்தபோது பெட்டி அழகாக வேலை செய்துகொண்டிருந்தது. "நல்லாத்தானம்மா ஓடுது" என்றாய் நீ. "ஆமா, செத்த பிறகு நல்லா ஓடுது. வெளையாட்டு சாமான நம்பி உயிர வெச்சேன் பாரு" என்றாள் அம்மா.

பிறகு மூன்று வாரம் இல்லாத பிழையை நீ தேடியதை நான் பார்த்தேன். ஒவ்வொரு வரியாகப் படித்தாய். காலி முட்டைத் தட்டை வைத்துச் சூடேற்றினாய், மின்சார பிளக்கைப் பிடுங்கிச் செருகினாய். பதிவில் பதினைந்து மணி நேர இடைவெளியைப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் நின்றதால் போர்டும் நின்றதோ என்று அதன் பின்னால் ஒரு வாரம் போனாய். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி என்னிடம், "தப்பு கெடைச்சா சரி பண்ணிடலாம். கெடைக்கலன்னா நான்தான் தப்பு" என்றாய். நான் உனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

தப்பு உனக்குக் கிடைக்காதபடி துடைத்துவைத்தவள் நான். இருநூற்று நாற்பது முட்டைகளை மட்டும் நான் கெடுக்கவில்லை. நீ அந்த வேலையை மறுத்துவிட்டு, உன்னை யாருக்கும் தெரியாத ஊரில் ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டிகளை எண்ணப் போனாய். ஒவ்வொரு விடுமுறைக்கும் வராமலிருக்கக் காரணம் சொன்னாய். அந்தக் காரணங்களை நான் நம்புவதுபோல அம்மாவிடம் எடுத்துச் சொன்னேன்.

முந்தாநாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடிவில், "பாவி, அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே எப்பிடிடீ சோறு போட்ட?" என்று மட்டும் கேட்டாள். நேற்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. ஆனால் பெட்டிமேலிருந்த சாக்குகளை எடுத்து வெளியே போட்டுவிட்டாள்.

என்னை மன்னி என்று கேட்கவில்லை. கேட்பதும் எனக்காகச் செய்யும் இன்னொரு காரியமாகிவிடும். நான் சொல்வதையும் நீ நம்ப வேண்டியதில்லை. இரண்டு அடாப்டரை வாங்கி ஓட்டை மாற்றிச் செருகிப் பார், பத்து நிமிஷத்தில் உனக்கே தெரியும். உன் ப்ரோகிராமில் பிழை இல்லை, அண்ணா. ஒரு வரியில்கூட இல்லை. நிறுவனத்தின் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கிறது. அவர்களுக்குப் பதில் எழுது. எனக்கு எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

நீ செய்யும் பெட்டிகளில் படுக்கும் குழந்தைகள் எல்லாம் நன்றாக இருக்கட்டும்.

உன் தங்கை

*

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ அம்மாவுக்கு எழுதிய கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கண்ணாடியைக் காணோம் என்று என்னைப் படிக்கச் சொன்னாள். அவள் திரும்ப என்னோடு பேசியது அதற்காகத்தான்.

மூன்று பக்கம். புது நிறுவனத்தில் முதல் தேதியே சேர்ந்துவிட்டாய் என்று படித்தேன். ஜன்னல் பக்கம் மேஜை கொடுத்திருக்கிறார்கள் என்றும், சோதனை அறையில் ஒவ்வொரு அடாப்டருக்கும் எண் ஒட்டச் சொன்னது நீதான் என்றும், எல்லோரும் உன்னைச் சந்தேகப்பிராணி என்று கூப்பிடுகிறார்கள் என்றும் படித்தேன். அம்மா சிரித்தாள். பிறகு, "ஒன்னப் பத்தி ஏதாச்சும் கேட்டிருக்கானா?" என்றாள்.

கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். கேட்டிருக்கிறான் என்று சொல்ல நாக்குவரை வந்தது.

"இல்லம்மா" என்றேன்.