கல்லறையில் பாதி எஞ்சின்

அன்பான ஜெபினுக்க அப்பாவுக்கு,

நேற்று உங்கள் கல்லறைக் கல் வந்து இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் ஜெபித்து வைப்பார். சிலுவைக்குக் கீழே எஞ்சின் இருக்கிறது. ஆனால் அது உங்கள் எஞ்சின் இல்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நீங்கள் கேட்டது அது ஒன்றுதான். நான் இனி எப்படி இருப்பேன் என்று கேட்கவில்லை. ஃபேர்லி எஞ்சினைக் கல்லில் வெட்டவேண்டும், இரண்டு முகமும் தெரியவேண்டும் என்றீர்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் சரி என்றேன்.

ஆரியங்கோட்டில் அந்த எஞ்சினைத் தெரியாதவர் உண்டா? கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவரைக்கூட விட்டுவைத்தீர்களா? வேல்ஸ் மலையில் குவாரிக் கல் இழுத்தது, மெக்சிகோ மலைக்கும் போனது. நடுவில் அடுப்பு, இரு பக்கமும் கொதிகலன், இரண்டு நுனியிலும் புகைக்குழல். அடியில் சக்கரங்கள் இரண்டு கூட்டமாகத் தனித்தனியே திரும்புவதால் எந்த வளைவிலும் போகும். உச்சியில் வண்டியைத் திருப்பவே வேண்டாம், அப்படியே இறங்கலாம். நீராவிக் குழாயின் மூட்டு ஒழுகும் என்பதை மட்டும் மெதுவாகச் சொல்வீர்கள்.

கல்யாணமான புதிதில் ஊட்டி ரயிலில் கூட்டிப்போனீர்கள். இது பல்சக்கரம் பிடித்து ஏறுகிற வண்டி, நம்முடையது இல்லை என்று வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தீர்கள். நீங்கள் செத்த அன்று, இனி எஞ்சின் கதை கேட்கவேண்டாம் என்று உங்கள் தங்கச்சியே அடுக்களையில் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

எஞ்சின் படத்தை ஜெபின்தான் காட்டாக்கடையில் கல் வெட்டுகிறவரிடம் கொடுத்திருந்தான். போனில் கேட்டால் அவர் நமக்கு உதவி செய்த மாதிரி பேசுகிறார்.

"ஒரு எஞ்சின்தானே வேணும்? படத்துல ரெண்டெண்ணம் ஒட்டிக் கெடந்துது. ஒண்ண வெட்டிக் களஞ்சேன்."

ரயில்வே கேட் பலகையில் இருக்கிற வண்டி மாதிரி இருக்கிறது. மாற்றித் தரச் சொல் என்று ஜெபினிடம் சொன்னேன். அவன் போனிலிருந்து தலை நிமிரவில்லை.

"அப்பாவுக்கு இனி கண்ணு தெரியவா போவுது? அம்மைக்கும் அது பிடிக்காதுல்லா."

உண்மைதானே, பிடிக்காது. டிரைவர் ஒரு பக்கம், கரி போடுகிறவன் மறுபக்கம், நடுவில் அடுப்பு, ஒருவர் இருக்கும் பக்கம் மற்றவர் வரவே முடியாது என்று பெருமையாகச் சொல்வீர்கள். அதைக் கேட்டுக்கொண்டே காலமெல்லாம் கரி போட்டவள் நான். இப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். கோபம் வருகிறதா? வரட்டும்.

இன்று காலை தனியாகக் காட்டாக்கடைக்குப் போய், இன்னொரு கல் வேண்டும் என்றேன். யாருக்கு என்று கேட்டார்.

"எனக்காக்கும்."

வெட்டிக் களைந்த பாதியை அதில் வெட்டச் சொல்லியிருக்கிறேன். உங்கள் பக்கத்து இடம் எனக்குத்தானே? நான் வரும்போது அந்தக் கல்லும் வரும், உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இடைவெளி இல்லாமல் ஒட்டி. அதுவரைக்கும் பாதி எஞ்சினோடு கிடந்து தவியுங்கள்.

நிச்சயம் வருவேன். வந்த பிறகு வண்டியை நான் ஓட்டுகிறேன், கரியை நீங்கள் அள்ளிப் போடுங்கள்.

இன்னும் கோபம் தீராத,
ஜெபினுக்க அம்மை